ப்ளக்கில் வைத்த சிவப்புப் புள்ளி

எங்கள் ரேடியோ, டிவி மெக்கானிக்குகள் சங்கத்துக்கு இப்போது வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. நான் தொழிலை விட்டு ஒதுங்கிப் பல வருடம் ஆகியும் என்னை அதிலிருந்து நீக்காமல் வைத்திருக்கிறார்கள். மரியாதையினாலா, மறதியினாலா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. எனக்கு எதில்தான் சந்தேகம் இல்லை?

கொஞ்ச நாளைக்கு முன் பாலக்கோட்டு மெக்கானிக் ஒருவர் அதில் ஒரு கேள்வி போட்டிருந்தார். "கஸ்டமர் ஒருத்தரு லேப்டாப்புல கிட்டார் மாட்டி ரெக்கார்டிங் பண்றாருங்க. கம்பியத் தொட்டா குறுகுறுங்குதுன்றாரு. என்ன பண்ணலாம்?" பத்து நிமிடத்துக்குள் எட்டுப் பேர் பதில் சொல்லிவிட்டார்கள். எட்டும் ஒரே பதில்தான்: "அது ஒண்ணும் ஆவாது." ஒருவர் கட்டைவிரல் படம் வேறு போட்டிருந்தார்.

அதே வரியை, அதே கிட்டார் விஷயத்தில், நான் ஒருமுறை என் வாயால் சொல்லியிருக்கிறேன். சங்கத்து மலருக்கு அனுபவக் கட்டுரை கொடுங்கள் என்று செயலாளர் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் கண் வலி, முதுகு வலி என்று தட்டிக்கழித்துக்கொண்டிருந்தேன். இனித் தட்டிக்கழிப்பதற்கில்லை. அந்த எட்டுப் பேரும் இதைப் படிக்க வேண்டும்.

என் பெயர் மாது. ஐடிஐ முடித்துவிட்டு, தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கரீம் பாய் ரேடியோ கடையில் சேர்ந்தேன். முதல் வருடம் தூசி துடைத்தேன். இரண்டாம் வருடம் சால்டரிங் அயர்னைத் தொடவிட்டார். ஐந்தாம் வருடம் தனி மேஜை கொடுத்தார். பழகிய கதை அவ்வளவுதான். எல்லாருக்கும் நடந்ததே எனக்கும் நடந்தது. பாயைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பாய் எதையும் நம்ப மாட்டார். அதை ஒரு முறையாகவே வைத்திருந்தார். ஒருவர் ரேடியோவைக் கொண்டுவந்து, "தானா நின்னுபோச்சுங்க பாய்" என்பார். பாய் பொறுமையாக முழுக்கக் கேட்டுவிட்டு, "தானா எதுவும் நிக்காதுங்க. யாரு கை வெச்சது?" என்பார். வந்தவர் முகம் போகிற போக்கைப் பார்த்தால் நமக்கே பாவமாக இருக்கும். பிறகு பெட்டியின் பின்பக்கத்தை மூக்கருகே வைத்து முகர்ந்து பார்ப்பார். பிறகு ப்ளக்கைக் கழற்றி உள்ளே திருகாணிகளைப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் கரண்டு கொடுப்பது. அதையும் நேராகக் கொடுக்க மாட்டார். நடுவில் ஒரு குண்டு பல்பைச் சேர்த்துக் கொடுப்பார். செட்டுக்குள் கோளாறு பெரிதாக இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

டிவி வந்த பிறகு இன்னொரு சோதனையும் சேர்ந்தது. இளைஞர்களுக்கு இது தெரியாது, அதனால் சொல்கிறேன். அந்தக் காலத்துப் பெரிய டிவிகள் பலவற்றில், உள்ளே இருக்கும் தகரச் சட்டம் கரண்டின் ஒரு கம்பியோடு நேராகச் சேர்ந்திருக்கும். இரண்டு முள் ப்ளக்கை ஒரு பக்கமாகச் சொருகினால் சட்டம் சும்மா இருக்கும். திருப்பிச் சொருகினால் சட்டம் முழுக்கக் கரண்டு. மேலே மரப்பெட்டி மூடியிருப்பதால் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. திறக்கிற நமக்குத்தான் ஆபத்து. அதனால் பாய், கரண்டு இரண்டு கைக்கும் நடுவே நெஞ்சு வழியாக ஓடாதபடி இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது கையால் டெஸ்டரை எடுத்துச் சட்டத்தில் வைப்பார். எரிகிறதா என்று பார்ப்பார். ப்ளக்கைத் திருப்பிச் சொருகி மறுபடியும் வைப்பார். ஒரே செட்டை ஒரு நாளில் நாலு முறை திறந்தாலும் நாலு முறையும் இதே.

"காலையிலதான பாத்தோம் பாய்" என்று ஒருமுறை சொல்லிவிட்டேன்.

"காலையில பாத்தது காலைக்கு" என்றார்.

வேலை முடிந்ததும், உள்ளே போட்ட வயர்களை மெழுகு தடவிய நூலால் சேர்த்துக் கட்டுவோம். விரற்கடைக்கு ஒரு இரட்டை முடிச்சு. ஊரில் வேறு எந்தக் கடையிலும் அந்த வழக்கம் கிடையாது. "நாளைக்கு ஒருத்தன் தொறந்தா யாரு வேலைன்னு தெரியணும்ப்பா" என்பார் பாய். அந்த முடிச்சு எனக்கு எதிராகவே ஒரு நாள் சாட்சி சொல்லும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

எண்பதுகளின் பின்பாதி அது. ஒரு சனிக்கிழமை கடைக்கு ஒரு அம்மா வந்தார். ஸ்டெல்லா டீச்சர். பொம்மிடிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவர். முப்பது வயது இருக்கும். வீட்டில் அவரும் அவருடைய அம்மாவும் மட்டும்தான். தேவாலயப் பாடகர் குழுவுக்குக் கிட்டார் வாசிக்கிறவர் என்று அவரே சொன்னார். கையில் ஒரு துணிப்பையும் அதற்குள் ஒரு கம்ப்யூட்டரும். அவருடைய அண்ணன் மஸ்கட்டிலிருந்து அனுப்பியது. ஒரு பெரிய நோட்டுப் புத்தகம் அளவுதான் இருந்தது. ரப்பர் பட்டன்கள். திரை கிடையாது, டிவியில்தான் மாட்டிப் பார்க்க வேண்டும்.

பாய் அதைத் தூக்கிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார்.

"இதுல என்னுங்க டீச்சர் பண்ணணும்?"

"இதுல கிட்டார மாட்டி, நான் வாசிக்கறத ரெக்கார்டு பண்ணணுங்க. புஸ்தகத்துல போட்டுருக்குது. கேசட் மாட்டற ஓட்டை வழியா சத்தத்த உள்ள அனுப்பலாமாம்."

"டேப் ரெக்கார்டர் இருக்கறப்ப கம்ப்யூட்டர் எதுக்குங்க?"

"டேப்பு ஒரு தடவதான வாசிக்கும். இது அதே துண்ட விடாம திருப்பித் திருப்பி வாசிக்கும். ரிதம் அது வாசிச்சா மேல நான் பாட்டு வாசிப்பேன். குழுவுல கிட்டாருக்கு நான் ஒருத்திதானுங்க. கிறிஸ்துமஸுக்கு வாசிச்சுக் காட்டணும்."

பாய் என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை நான் படத்தில் மட்டுமே பார்த்த பொருள் அது. என் மேஜைக்கு அது வராதா என்று வாயில் எச்சில் ஊறியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

பிரச்சினை என்னவென்றால், அந்தக் கம்ப்யூட்டர் வெளிநாட்டு டிவிக்காகச் செய்தது. அது அனுப்புகிற சேனல் நம்மூர் டிவிகளில் கிடையாது. ஆன்டெனா மாட்டும் இடத்தில் மாட்டினால் ஒன்றும் தெரியாது. படத்தைக் கம்ப்யூட்டருக்குள்ளிருந்தே ஒரு வயரில் எடுத்து, டிவியைத் திறந்து, உள்ளே நேராகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வயர் என்றால் ஒன்று சிக்னலுக்கு, இன்னொன்று டிவிச் சட்டத்தோடு சேர்வது. சட்டத்தில் கரண்டு வந்தால் கம்ப்யூட்டருக்கும், அதில் மாட்டிய கிட்டார் கம்பிக்கும் வரும்.

பாய் டீச்சரிடம் டிவியின் அளவைக் கேட்டார். கதவு வைத்த பெரிய மரப்பெட்டி என்றார் டீச்சர். பாய் தலையை ஆட்டினார்.

"முடியுங்க. ஆனா இப்ப முடியாது. கரண்டையும் டிவியையும் பிரிக்கறதுக்கு ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் சுத்தணும். அதுக்கு இரும்பு பெங்களூர்லருந்து வரணும். கிறிஸ்துமஸுக்கு ஆவாது. தை மாசம் பாக்கலாம்."

டீச்சருடைய முகம் தொங்கிப்போயிற்று. முகவரியை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்குப் பாய் மேல் சந்தேகம் வந்துவிட்டது. இந்த மனுஷனுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, அதை ஒப்புக்கொள்ள மனம் இல்லாமல் ட்ரான்ஸ்ஃபார்மர், இரும்பு என்று கதை விடுகிறார் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் என்னை ஒதுக்கிவிட்டுத் தானே செய்து பேர் வாங்கப் பார்க்கிறார். யோசிக்க யோசிக்க இரண்டாவதுதான் சரி என்று பட்டது. சீட்டிலிருந்த முகவரியை மனப்பாடம் செய்துகொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அயர்னையும் ஈயத்தையும் பையில் போட்டுக்கொண்டு பொம்மிடி பஸ் ஏறினேன்.

டீச்சர் அப்போதுதான் தேவாலயத்திலிருந்து வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. "பாயி அனுப்பினாருங்களா?" என்றார். நான் "ம்" என்றும் "இல்லை" என்றும் சொல்லாத மாதிரி ஒரு சத்தம் எழுப்பினேன். அவருடைய அம்மா கையில் செபமாலையோடு ஒரு நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் அங்கே இருந்த நாலு மணி நேரமும் அந்த அம்மா எழுந்திரிக்கவில்லை. டிவியைத் திருடிக்கொண்டு போய்விடுவேன் என்பது போலவே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிவியைத் திறந்தேன். டெஸ்டரை வைத்தேன். எரிந்தது. திருப்பிச் சொருகி வைத்தேன். எரியவில்லை. பாய் சொன்ன மாதிரியே செட்டு. நானும் பாயிடம்தான் படித்தேன், இரண்டு பக்கமும் பார்த்தேன், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அதற்குமேல் என் சொந்த மூளையைப் போட்டேன். டெஸ்டர் எரியாத பக்கம் ப்ளக் இருக்கும்போது, அதன் மேல்பக்கத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்தேன்.

"டீச்சர், எப்ப சொருவினாலும் இந்தப் புள்ளி மேல இருக்கணும். கீழ போவக்கூடாது. அவ்வளவுதான்."

"புள்ளி மேல" என்று டீச்சர் திருப்பிச் சொன்னார். கணக்கு டீச்சர் அல்லவா, அம்மாவையும் கூப்பிட்டுச் சொல்லவைத்தார்.

ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் செய்கிற வேலையை ஒரு சொட்டுப் பெயிண்ட் செய்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.

அதற்கு அடுத்த ஞாயிறு கிட்டார். கிட்டாரிலிருந்து வரும் சிக்னல் மிகச் சன்னம். கம்ப்யூட்டருக்குக் காது கேட்காது. ஒரே ஒரு ட்ரான்சிஸ்டர் வைத்து ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் கட்டி, பேட்டரியோடு ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பாவுக்குள் அடக்கியிருந்தேன். கிட்டார் வயர் டப்பாவுக்கு, டப்பாவிலிருந்து கம்ப்யூட்டரின் கேசட் ஓட்டைக்கு. எல்லா வயரையும் மெழுகு நூலால் கட்டினேன். பழக்கதோஷம்.

டீச்சர் புத்தகத்தைப் பார்த்து வரி வரியாக அடித்தார். அடித்து முடிக்க ஒன்றரை மணி நேரம். நடுவில் ஒரு எண் தப்பாகப் போய், எங்கே தப்பு என்று தேட அரை மணி நேரம். பிறகு கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பட்டனை அழுத்திவிட்டு வாசித்தார். கம்ப்யூட்டருக்கு ஏழெட்டு விநாடிதான் கொள்ளும். நின்றது. இன்னொரு பட்டனை அழுத்தினார்.

தகரத்தின் மேல் மணலைக் கொட்டின மாதிரி ஒரு கரகரப்பு வந்தது. அந்தக் கரகரப்புக்குள்ளே டீச்சர் வாசித்தது அப்படியே இருந்தது. முடிந்ததும் தானாக மறுபடி தொடங்கியது. மறுபடி, மறுபடி. டீச்சர் அதற்கு மேலே வேறொன்று வாசிக்கத் தொடங்கினார். கீழே ஒரு டீச்சர், மேலே ஒரு டீச்சர். அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். அம்மா செபமாலையை மடியில் போட்டுவிட்டு, "ஏசுவே, ரெண்டு பேரு வாசிக்கறாப்புல இருக்குதே" என்றார். என் ஆயுசில் எத்தனையோ செட்டு ரிப்பேர் செய்திருக்கிறேன். அன்றைக்கு வந்த சந்தோஷம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

கிளம்பும்போது சொன்னேன். "பாய் கேட்டா நான் வந்தது தெரிய வேணாங்க டீச்சர்."

அவர் சிரிப்பு நின்றது. "ஏங்க? அவரு அனுப்பலையா?"

"அவரு கொஞ்சம் பழைய ஆளுங்க."

டீச்சர் என்னை ஒரு நிமிடம் கூர்ந்து பார்த்தார். "சரிங்க" என்றார்.

ஊரில் என்னைச் சந்தேகப்பட ஆட்களுக்குப் பஞ்சமில்லை. பாய்க்கு ஏதோ மூக்கில் வியர்த்திருந்தது. "ஞாயித்துக்கெழம ஆளக் காணமே மாது" என்றார். என் மனைவி ராஜாமணி வேறு ரகம். பொம்மிடி பஸ் டிக்கெட் இரண்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, சாதத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஒரு டீச்சர் வூட்ல டிவி வேல" என்றேன்.

"ரெண்டு ஞாயித்துக்கெழமையா ஒரே டிவியா?"

"அது டிவி இல்ல, கம்ப்யூட்டரு."

"இப்பதான டிவின்னீங்க?"

நான் எதைச் சொன்னாலும் எனக்கே பொய் மாதிரி கேட்டது. ஊரே என்னைச் சந்தேகப்பட்டது. எவருமே சரியான இடத்தில் சந்தேகப்படவில்லை. நானும்தான்.

டிசம்பர் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட வேலையாகத் தர்மபுரி வந்த டீச்சர் கடையில் தலைகாட்டினார். பாய் உள்மேஜையில் குனிந்திருந்தார். டீச்சர் என் மேஜைக்கு அருகில் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மாதண்ணா, ரெண்டு நாளா கம்பியத் தொட்டா சுருக்குங்குது. முன்னாடி அப்டி இல்ல."

எனக்குப் பாய் பக்கம்தான் கண். அவர் அயர்னைக் கீழே வைத்துவிட்டார். காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. இந்த அம்மா சீக்கிரம் போனால் போதும் என்று இருந்தது.

"புள்ளி மேலதான இருக்குது?"

"மேலதாங்க இருக்குது. நல்லாப் பாத்துட்டேன்."

"அப்ப ஒண்ணும் ஆவாதுங்க. செருப்புப் போட்டுக்குங்க."

"வூட்டுக்குள்ளயா?" என்றார் டீச்சர். நான் ஒரு ரேடியோவைத் திறந்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டேன். அவர் போய்விட்டார்.

முன்பு இல்லாதது இப்போது ஏன் வருகிறது என்று நான் கேட்கவில்லை. எல்லாவற்றிலும் சந்தேகப்படுகிறவன் அதில் சந்தேகப்படவில்லை. கேட்டிருந்தால் டீச்சர் சொல்லியிருப்பார்: கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், சுவிட்ச் போர்டைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டினார்கள் என்று.

மறுநாள் மத்தியானம் அது நடந்தது. சுண்ணாம்புக் கறை போக வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். தரை ஈரம். டீச்சர் வெறுங்காலோடு கிட்டாரை எடுத்து, இடது கையைக் கம்பிகளில் வைத்தபடியே, ஜன்னலைச் சாத்த வலது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்திருக்கிறார். பிடித்த இரண்டு கையும் விடவில்லை. சத்தம் போடவும் முடியவில்லை. அவருடைய அம்மா துடைப்பக் கட்டையால் ப்ளக்கை அடித்துத் தள்ளியிருக்கிறார். நாலு மணி நேரம் என்னை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே அம்மா. அந்த அம்மா இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை காலை பொம்மிடியிலிருந்து கடைக்கு ஒரு ஆள் வந்து நடந்ததைச் சொல்லிவிட்டுப் போனார். பாய் லுங்கியை மாற்றிப் பேன்ட் போட்டுக்கொண்டார். "கெளம்பு. பொம்மிடி போறோம்" என்றார். நான் அவர் பின்னால் நடந்தேன்.

டீச்சர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இடது கை முழுக்கக் கட்டு. முகம் வெளுத்திருந்தது. பாய் தன் வழக்கப்படியே கேட்டார்.

"யாரு கை வெச்சதுங்க?"

"நான்தாங்க" என்றார் டீச்சர். "புஸ்தகம் பாத்து நானே சால்டர் பண்ணுனேன்."

அம்மா வாயைத் திறந்தார். டீச்சர் ஒரு பார்வை பார்த்தார். அம்மா வாயை மூடிக்கொண்டார்.

பாய் டிவியின் பின்பக்கத்தைத் திறந்தார். மெழுகு நூல். விரற்கடைக்கு ஒரு இரட்டை முடிச்சு. டார்ச்சை அதன்மேல் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். திரும்பி என்னைப் பார்க்கக்கூட இல்லை.

"நல்லா சால்டர் பண்ணியிருக்கீங்க டீச்சர்" என்றார். பிறகு, "மாது, நீ சொல்லு. தப்பு எங்க ஆயிருக்கும்?"

சொல்லியிருக்கலாம். பாய் எனக்காகத் திறந்துவிட்ட கதவு அது. டீச்சர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். வேலை போய்விடும், ஊரில் பேர் போய்விடும் என்றெல்லாம் ஒரு விநாடியில் மனதில் ஓடியது.

"ப்ளக்க மாத்திச் சொருவியிருப்பாங்க பாய்" என்றேன்.

பாய் டிவி ப்ளக்கை எடுத்தார். சிவப்புப் புள்ளி மேலே இருக்கும்படி எனக்குக் காட்டினார். சொருகினார். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டினார். டெஸ்டரைச் சட்டத்தில் வைத்தார். எரிந்தது. போய்ச் சுவரிலிருந்த ப்ளக் பாயின்ட்டைக் கழற்றினார். சுண்ணாம்பு அடிக்க வந்தவர்கள் கழற்றி மாட்டியபோது இரண்டு வயரும் இடம் மாறியிருந்தன. டீச்சர் புள்ளியை மேலேதான் வைத்திருந்தார். நான்தான், மாறக்கூடிய ஒன்றின் மேல் மாறாத ஒரு புள்ளியை வைத்துவிட்டு வந்திருந்தேன்.

பாய் சுவர் வயர்களைச் சரிசெய்தார். கட்டரை எடுத்து நான் போட்ட வயரை இரண்டு முனையிலும் வெட்டி, சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். "பரவால்லீங்க பாய், என் தப்புதான்" என்றார் டீச்சர். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

அன்று வீட்டில் சாப்பிடப் பிடிக்கவில்லை. ராஜாமணி விடவில்லை, துருவித் துருவிக் கேட்டாள். அவளிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் சந்தேகப்பட்டது நெசமா இருந்திருந்தாக்கூடத் தேவலாம் போல" என்றாள்.

பாய் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. மறுநாள் கடைக்குப் போனபோது, என் மேஜைக்கு எதிரே ஓர் ஆணியில் அந்த வயர்ச் சுருள் தொங்கியது. அன்றிலிருந்து, நான் முடித்து வைத்த ஒவ்வொரு செட்டையும் பாய் தன் மேஜைக்கு எடுத்துப்போய், திறந்து, இரண்டு பக்கமும் பார்த்த பிறகே கொடுத்தனுப்புவார். கஸ்டமர் எதிரிலேயே. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, அவர் கடையை மூடும் வரை. தை மாதம் ட்ரான்ஸ்ஃபார்மரைச் சுற்றித் தானே எடுத்துப்போய்ப் பொம்மிடியில் வைத்துவிட்டு வந்தார். என்னைக் கூப்பிடவில்லை. கடையை மூடிய அன்று அந்தச் சுருளைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "இனிமே நீயே வெச்சிக்க" என்றார். அதுதான் அந்த விஷயத்தைப் பற்றி அவர் என்னிடம் பேசிய ஒரே பேச்சு.

அதற்கப்புறம் நான் தனியாகக் கடை வைத்து, நடத்தி, ஓய்ந்தும் போனேன். ஸ்டெல்லா டீச்சரைப் பற்றி விசாரிக்கத் துணிவில்லை. வாட்ஸ்அப்பில் அந்த எட்டுப் பதிலும் வந்த வாரத்துக்கு அடுத்த வாரம் போன் வந்தது.

"மாதண்ணாங்களா? பொம்மிடி ஸ்டெல்லா. லேப்டாப்பு வாங்கியிருக்கேன். கிட்டார் மாட்டணும். கம்பி குறுகுறுங்குது. நீங்க வந்து பாத்துட்டுச் சொன்னாத்தான் ப்ளக்கச் சொருவுவேன்."

போனேன். அதே வீடுதான். அம்மா சுவரில் படமாக இருந்தார். டீச்சருக்குத் தலை முழுக்க வெள்ளை. கிட்டாரை அவர் திருப்பி வைத்திருந்தார். கம்பிகளை இடம் மாற்றிக் கட்டி, வலது கையால் அழுத்தி, இடது கையால் மீட்டுகிறார். இடது கையில் மூன்று விரல் நுனிக்கு இன்றும் உணர்ச்சி இல்லையாம். மீட்டுவதற்குக் கட்டைவிரல் போதும் என்றார். இதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

பையிலிருந்து அந்த வயர்ச் சுருளை எடுத்து மேஜைமேல் வைத்தேன். வரும்போதே சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தேன்.

"டீச்சர், அன்னைக்குத் தப்பு என்னுது. உங்க மேல போட்டுட்டேன்."

"தெரியுங்க" என்றார். "புள்ளி மேல இருந்துது, டெஸ்டர் எரிஞ்சுது. நான் கணக்கு டீச்சருங்க. உங்க வேல போவக் கூடாதுன்னு நான் ஒரு பொய் சொன்னேன். நீங்க அதுக்கு மேல ஒண்ணு சொன்னீங்க. மாத்திச் சொருவியிருப்பாங்கன்னு. இத்தன வருஷமா அது என் காதுலயேதான் இருக்குது."

நான் சுருளைப் பார்த்தபடியே கேட்டேன். "அப்பறம் எதுக்குங்க என்னையே கூப்ட்டீங்க?"

"மூணு பேரக் கூப்பிட்டேன். மூணு பேரும் ஒண்ணும் ஆவாதுன்னு சொல்றாங்க. நீங்க சொல்ல மாட்டீங்க."

லேப்டாப் சார்ஜர் இரண்டு முள் ப்ளக். அதிலிருந்து கசிவதுதான் கம்பியில் குறுகுறுக்கிறது. எர்த் உள்ள மூன்று முள் சார்ஜர் ஒன்றை வாங்கிப் போயிருந்தேன். சுவர்ப் பாயின்ட்டைக் கழற்றி, வயர் எது எது என்று பார்த்தேன். எர்த் உண்மையிலேயே பூமிக்குப் போகிறதா என்று வெளியே போய்ப் பார்த்தேன். மீட்டரை வைத்து அளந்தேன். பழைய சார்ஜரையும் விடவில்லை, இரண்டு பக்கமும் மாற்றிச் சொருகி அளந்து வித்தியாசத்தைக் காட்டினேன். டீச்சர் ஒவ்வொன்றையும் அருகில் நின்று பார்த்தார், அந்த அம்மா பார்த்த மாதிரியே. எல்லாம் முடிந்து, கிட்டாரை லேப்டாப்பில் மாட்டி, புது சார்ஜரின் சுவிட்சை அணைத்துவைத்து, "சரியா இருக்குதுங்க டீச்சர்" என்றேன்.

அவர் கிட்டாரை எடுக்கவில்லை.

"மொதல்ல நீங்க தொடுங்க" என்றார்.

செருப்பை வாசலில் விட்டிருந்தேன். வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் நின்றேன். டீச்சர் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துவந்து என் காலடியில் ஊற்றினார். நான் இடது கையால் ஆறு கம்பிகளையும் சேர்த்துப் பிடித்து, வலது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்தேன்.

"விடாதீங்க" என்றார் டீச்சர். சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் போய்ச் சார்ஜர் சுவிட்சைப் போட்டார்.